கடைசி ரீல் இல்லாமல் போன படம்

என் செல்வத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். புது டிஸ்க் வரும்போதெல்லாம் நீ அறிவிப்புப் போடுவாயே, நம் இணையக் கடையின் அதே பக்கத்தில்தான் இதையும் போடப் போகிறேன். டிஸ்க் வாங்குகிறவர்கள் எல்லாரும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் அங்கங்கே சொல்ல வேண்டியிருக்கும். "எக்கா, கதைய இழுக்காத" என்று மறிக்காதே. இந்த ஒரு தடவை இழுத்துக்கொள்கிறேன்.

படம் வெளியே போய்விட்டது, செல்வா. எப்படிப் போகக் கூடாது என்று நீ ஒற்றைக்காலில் நின்றாயோ, அப்படியேதான் போனது. கடைசி ரீல் இல்லாமல்.

சென்னை லேபில் வேலையை விட்டுவிட்டு நீ கோவில்பட்டிக்கு வந்து, பழைய தமிழ்ப் படங்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு கீறலாகத் துடைத்து, ப்ளூ-ரே டிஸ்க் போட்டு, நடுவில் கடைக்காரர் யாரும் இல்லாமல் விரும்புகிறவர் வீட்டுக்கே அனுப்பப் போகிறேன் என்று சொன்னபோது, உன் அத்தான் என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஊர் பூரா போன்லயே படம் பாக்குதான். இவன் தட்டு விக்கப் போறானாம்." நீ கோபப்படவில்லை. "ஆமா அத்தான், தட்டுதான். ஆனா யாரும் வந்து அழிக்க முடியாத தட்டு" என்றாய். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என் டி.டி.பி. கடையின் மாடி அறைதான் உன் ஆபீஸ். அட்டைப்படம் நான் செய்தேன். பார்சல் கட்டியதும் நான்தான். டொராண்டோ, ஈப்போ, பாரிஸ் என்று நம் தபாலாபீசில் முகவரி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

பிறகு நீ இந்தப் படத்தில் விழுந்தாய்.

ஸ்டுடியோவுக்குள் அட்டை மரம் நட்டுப் படம் எடுத்த காலத்தில், நம்ம பக்கத்துக் கரிசல் காட்டிலும் குளத்தூர் உப்பளத்திலும் வெயிலில் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். எடுத்த கம்பெனி அந்த ஒரு படத்தோடு மூடிக்கொண்டது. நெகட்டிவ் கிடையாது. அதில் நடித்த பெண் வேறு எந்தப் படத்திலும் வரவில்லை. உலகத்தில் எங்கேயும் பிரிண்ட் இல்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். புதூரில் விதைக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சியின் அப்பா அந்தக் காலத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர் என்று நீ கேள்விப்பட்டு, அவிய வீட்டுப் பரணில் ஏறினாய். வத்தல் மூட்டைகளுக்குப் பின்னால் டப்பாக்கள் இருந்தன.

எல்லா ரீலும் புளித்த வாடை அடித்தது. ஆனாலும் ஓடுகிற நிலையில் இருந்தது. கடைசி ரீல் மட்டும் ஒட்டி இறுகி, கருப்பட்டி வட்டு போல ஒரே கட்டியாகக் கிடந்தது. நீ ஓரத்தை விரலால் தொட்டாய். பொடிப்பொடியாக உதிர்ந்தது. அன்றைக்கு அம்மா எவ்வளவு கூப்பிட்டும் நீ சாப்பிட வரவில்லை.

மற்ற ரீல்களைத் துடைத்து முடித்தபின் எல்லாரும் உன்னிடம் கெஞ்சினார்கள். டொராண்டோவிலிருந்து குகன், நம் முதல் டிஸ்க்கிலிருந்து எதையும் விடாமல் வாங்குகிறவர், போனில் சொன்னார்: "தம்பி, இருக்கிறதை விடுங்கோ. கடைசிப் பத்து நிமிசம் இல்லாட்டிப் பரவாயில்லை." நீ கேட்கவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டு, பந்தியில் இலையும் போட்டு, சோறு வரும் முன்னே எழுந்திருக்கச் சொல்வது மாதிரி இருக்கும் என்றாய். யாழ்ப்பாணத்தில் ஒரு பிரிண்ட் இருக்கலாம், பினாங்கில் இருக்கலாம் என்று யார் எதைச் சொன்னாலும் பின்னாலேயே போனாய்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் புதூரிலிருந்து உன் போன் வந்தது.

"எக்கா, அண்ணாச்சி வீட்ல இன்னொரு டப்பா கெடச்சிருக்கு. மேல நம்ம படத்துப் பேரு எழுதியிருக்கு, கடைசி ரீல்னும் போட்டுருக்கு."

"திறந்து பாத்தியாலே?"

"இல்லக்கா. மூடி இறுகிக் கெடக்கு. இந்த வெயில்ல திறக்கவும் கூடாது. வீட்டுக்குக் கொண்டு வாரேன், சேந்து திறப்போம். பசிக்குது, சோறு வச்சிரு."

எட்டயபுரம் தாண்டி, கரி மூட்டை ஏற்றி வந்த லாரி. இதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது. போலீஸ் ஸ்டேஷனில் உன் வண்டியோடு அந்த டப்பாவையும் கொடுத்தார்கள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மூடி மட்டும் திறந்துகொள்ளவே இல்லை.

அதை அப்படியே கொண்டுவந்து வீட்டில் உன் மேசையில் வைத்தேன். உன் அத்தான் தூக்கி உள்ளே வைக்கப் போனார். அம்மா விடவில்லை. "எம் பிள்ள கடைசியா கையில எடுத்தது. அது அங்கனயே இருக்கட்டும்" என்றாள். எனக்கும் திறக்க மனம் வரவில்லை. பயம் இல்லை செல்வா, வேறு ஒன்று. திறக்காத வரைக்கும் அதற்குள் முடிவு இருந்தது. நீ போனதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஒரு நாள் அண்ணாச்சி வந்தார். நாற்காலி எடுத்துப் போட்டும் உட்காராமல் வாசலிலேயே நின்று அழுதார்.

"நான் கூப்பிட்டுச் சொல்லாம இருந்திருந்தா பிள்ள வந்திருக்காதும்மா."

"நீங்க என்ன செய்வீங்க அண்ணாச்சி. நீங்க கூப்பிடாட்டாலும் அவன் வந்துதான் நிப்பான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "உள்ள அதுதான இருந்துச்சு?"

இன்னும் திறக்கவில்லை என்றதும் மனுசன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அத தெரிஞ்சுக்கிடாம நான் எப்படிம்மா தூங்குதது?" என்றார். அது நியாயம்தானே? அவரும் உன் அத்தானுமாக ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பி, நசுங்கிய பக்கத்தைத் தட்டித் தட்டித் திறந்தார்கள். அம்மா உள் அறைக்குப் போய்விட்டாள்.

உள்ளே ஃபிலிம் இருந்தது. வாடை இல்லை, ஒட்டவில்லை, நேற்றுக் கழுவி எடுத்தது போல மினுமினு என்று இருந்தது. அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். நான் சிரித்தேன் செல்வா. நீ போனபின் முதல் தடவையாகச் சிரித்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக்கூட விடாமல், மறுபடி மூடி, மடியில் வைத்துக்கொண்டே சென்னைக்கு ரயில் ஏறினேன்.

நீ வேலை பார்த்த லேபிலேயே கொடுத்தேன். உன்னைத் தெரிந்த தம்பி ஒருவர் அதை ரீல் ஓட்டிப் பார்க்கிற மேசையில் ஓட்டினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு விவசாயி பருத்திச் செடி நடுவில் நின்று உர மூட்டையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது இடைவேளையில போடுற விளம்பரம் அக்கா. வேற வேற விளம்பரத்த ஒட்டி வச்சிருக்காங்க. காலி டப்பா கிடந்திருக்கு, அதுல போட்டுட்டாங்க."

"எல்லாமே அதானா தம்பி?"

"எல்லாமே அதான் அக்கா."

ஒரு கீறல் இல்லை, செல்வா. இத்தனை வருசமாக உர விளம்பரத்துச் சிரிப்பு மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது. இதை உன்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். மறைத்தால் மட்டும் உனக்கு என்ன ஆகிவிடப் போகிறது? அம்மாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. டப்பாவுக்குள் நம் படம்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் யாராவது வாசித்துக் காட்டினால்தான் அவளுக்குத் தெரியும். வாசித்துக் காட்டுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, ரீல்தான் போனது, முடிவு என்ன என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். குகன் யாரையோ பிடித்து அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகத்தை வாங்கி, போனில் படம் எடுத்து அனுப்பினார். கதைச் சுருக்கம் ஒரு பக்கத்துக்கு இருந்தது. அந்தப் பெண் எல்லாவற்றையும் இழந்து உப்பளத்துக்கு வந்து நிற்கிறாள் என்பது வரை எழுதிவிட்டு, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்திருந்தார்கள்.

அண்ணாச்சி சின்ன வயதில் படத்தைப் பார்த்தவர். "அந்தப் பொண்ணு உப்பளத்துலயே செத்துப் போயிருவாம்மா. கொட்டாயே அழுதுச்சு" என்றார். குளத்தூரில் இருக்கிற அவர் அக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மா எடுத்த எடுப்பிலேயே, "அவன் கெடக்கான். அவன் பாதியிலயே தூங்கிருப்பான். அவ சாகல தாயி, ரயிலேறிப் போயிருவா. நான் கண்ணால பாத்தேன்" என்றாள். அண்ணாச்சி போனைப் பிடுங்கி, "ஏட்டி, எங்கன இருந்துட்டி ரயிலு வந்துச்சு?" என்று சத்தம் போட்டார். இரண்டு பேரும் அவரவர் சொன்னதிலேயே நின்றார்கள். யார் சொன்னதை எடுத்துக்கொள்வது?

அந்தச் சமயத்தில்தான் தயாரிப்பாளரின் பேரன் சென்னையிலிருந்து கூப்பிட்டார். படத்தின் உரிமை அவரிடம்தானே இருக்கிறது. நாம் வாங்கியது டிஸ்க் போடுகிற உரிமை மட்டும், அதுவும் கொஞ்ச காலத்துக்கு. நீ போனதற்கு வருத்தம் சொன்னார். பிறகு, நீ துடைத்து வைத்திருக்கிற படத்தைத் தந்தால் மீதியைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"மீதின்னா என்ன சார்?"

"கடைசி ரீல்தான் மேடம். இப்போ ஏஐல பண்ணிடலாம். ஹீரோயின் முகம் இருக்கு, குரல் இருக்கு. கல்யாணம் பண்ணி வச்சு சுபம்னு போட்டுட்டா ஓடிடியில வாங்கிப்பாங்க."

"படத்துல இல்லாதத எப்படி சார் போடுதது?"

"படத்துல என்ன இருந்துச்சுன்னு யாருக்கு மேடம் தெரியும்?"

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? உனக்கும் அன்றைக்குப் பதில் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நம் வேலையைத் தரமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். "பரவால்ல மேடம், டிஸ்க் வந்தா அதுல இருந்தே எடுத்துக்கலாம். உங்க ஒப்பந்தமும் முடியப் போகுதே" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். அவர் நினைத்தால் செய்யலாம். தடுக்க எனக்கு எந்த வழியும் இல்லை.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அந்தப் பொய் வருவதற்கு முன்னால், அறுந்தது அறுந்தபடியே கொஞ்சம் வீடுகளுக்குப் போய்ச் சேரட்டும் என்று. உன் சொல்லை மீறித்தான் செய்தேன், செல்வா. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

நீ முடித்து வைத்திருந்தபடியே அனுப்பினேன். அந்தப் பெண் உப்பு வரப்பில் நடந்து வருகிறாள். யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்புகிறாள். வாய் திறக்கிறாள். அதோடு நிற்கிறது. "இதற்குப் பின் உள்ள ரீல் அழிந்துவிட்டது" என்று ஒரு வரி மட்டும் போட்டேன். இசை கிசை எதுவும் சேர்க்கவில்லை.

பாராட்டி ஊரே எழுதும் என்று நினைத்துவிடாதே. டிஸ்க் பழுது, வேறு அனுப்புங்கள் என்று சிலர் எழுதினார்கள். முடிவில்லாத படத்தை விற்பது ஏமாற்று வேலை என்று ஒருவர் எழுதினார். சிலர் திருப்பியே அனுப்பிவிட்டார்கள். குகன் மட்டும் போன் செய்தார்.

"அக்கா, அந்தப் பிள்ளை ஆரைத் திரும்பிப் பாக்கிறாள்?"

"தெரியலையே தம்பி."

"சரி அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நமக்கு டிஸ்க் அடித்துத் தந்த வெளிநாட்டு ஆலை, இனிமேல் சின்ன ஆர்டர் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டது. வேறு இரண்டு இடத்தில் கேட்டேன், பதிலே இல்லை. வாங்குகிறவர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். பிளேயர் கெட்டுப்போனால் புதிது கிடைப்பதில்லை என்கிறார்கள். இதுதான் நம் கடையின் கடைசி டிஸ்க். மாடி அறையை ஒரு ட்யூஷன் வாத்தியாருக்கு விட்டிருக்கிறோம். இது எல்லாம் ஒரு நாள் மாறும் என்று எழுதி உன்னை ஏய்க்க எனக்கு மனமில்லை.

பேரன் படத்தை எப்படியும் கொண்டுவருவார். அதில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் அதுதான் கதை என்று நம்புவார்கள். அண்ணாச்சியும் அவர் அக்காவும்கூட ஆளுக்கொரு ஞாபகத்தை விட்டுவிட்டு அதையே பேசத் தொடங்கலாம். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றைத்தான் உனக்குச் சொல்ல முடியும். அந்தப் படம் எப்படி முடியும் என்று என்னிடம் யார் கேட்டாலும், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். என்னிடம் கேட்கிற ஆள் யாரும் இல்லாமல் போகிற நாள் வரைக்கும், தெரியாது என்றே சொல்வேன்.

அம்மா கூப்பிடுகிறாள். வைக்கிறேன்.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னாலும் இருக்கிற
உன் அக்கா கோமதி