அரவை மிஷினை நிறுத்திய பெட்டி

அன்புள்ள என் விஞ்ஞானிக்கு,

நானும் நம் வாலுவும் சௌக்கியம். அண்ணன்தான் நேற்றிலிருந்து யார் முகத்தையும் பார்க்காமல் திரிகிறார். காரணம் நீ. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு இடம் வரும்போது என் குரல் காலை வாரிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பிளாஸ்டிக் தோற்கவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

போன மாதம் நீ அனுப்பிய பிளாஸ்டிக் குருணை மூட்டையைப் போட்டு நம் பட்டறையில் பெட்டி வார்த்தோமே, கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்து, கீழே போட்டதும் பிஸ்கட்டாக உடைந்ததே. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உன் பேராசிரியர் ஆராய்ச்சி இத்தோடு போதும் என்றார். நீயும் அழுது தீர்த்துவிட்டு, எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று டிக்கெட் எடுத்தாய்.

முந்தாநாள் அண்ணன், மூட்டையின் அடியில் மிச்சம் கிடந்த குருணையில் பாதியை வார்ப்பு மிஷினில் கொட்டினார். நடுவில் ஒரு ஹீட்டர் புகைந்து உயிரை விட்டது. சூடு இறங்கிவிட்டது. வந்த பெட்டி மங்கலாக, சொரசொரவென்று, பார்க்கவே சகிக்கவில்லை. இந்த மூஞ்சிய எவன்டா வாங்குவான் என்று அண்ணன் அதைத் தூக்கி அரவை மிஷினில் போட்டார். கடகடவென்று ஒரு சத்தம். அப்புறம் மிஷின் நின்றேபோனது. எதைப் போட்டாலும் மென்று துப்புகிற மிஷின் அது, உனக்கே தெரியும். பிளேடுகளுக்கு நடுவே உன் பெட்டி அசையாமல் சிக்கியிருக்கிறது. பிளேடு போச்சே என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். நானோ பெட்டியைத்தான் பார்த்தேன்.

இழுத்து வெளியே எடுத்தோம். கிழிந்த விளிம்பில் பூனை மயிர் போல நார் நாராக நிற்கிறது. கல்யாணமான புதிதில், காபி ஆறுவதுகூடத் தெரியாமல் நீ சொல்லிக்கொண்டிருப்பாயே, அதே நார். இரண்டு பிளாஸ்டிக்கைக் கலந்து உருக்கி இழுத்தால், பாட்டில் பிளாஸ்டிக் மட்டும் உள்ளுக்குள் தலைமுடியைவிட மெலிந்த நாராக ஓடும், வார்க்கும்போது சுற்றியிருக்கும் மற்ற பிளாஸ்டிக் உருகலாம், நார் உருகக் கூடாது, பலமே அதில்தான் என்பாய். அன்றைக்குத் தலையை மட்டும்தான் ஆட்டினேன். முந்தாநாள்தான் மண்டையில் ஏறியது.

ஓடிப்போய் வார்ப்பு மிஷினைப் பார்த்தேன். சூடு இதற்கு மேல் போகக் கூடாது என்று நீ கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய தாள் இருக்கிறது. அதன் மேல் அண்ணனின் சட்டை தொங்குகிறது. கேட்டால், பொருள் கெட்டியா ஓடுச்சு, பளபளப்பும் வரல, அதான் கொஞ்சம் சூடு ஏத்தினேன், வழக்கமா செய்றதுதானே என்கிறார். நீ பாடுபட்டு இழுத்த நாரையெல்லாம் நாங்கள் போன மாதம் உருக்கிக் கஞ்சியாக்கியிருக்கிறோம். அழகான பெட்டி வேண்டுமே என்று.

நேற்று ஹீட்டரை மாற்றி, உன் தாளில் உள்ள சூட்டிலேயே மிச்சத்தையும் வார்த்தோம். பெட்டி நிறைய போல்ட் நட்டை நிரப்பி மாடியிலிருந்து தள்ளிவிட்டேன். தரைதான் பெயர்ந்தது. லாரிக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, என்னங்க, உள்ள எலும்பு கிலும்பு வச்சிருக்கீங்களா என்று கேட்டார். வாலு அதன் மேல் ஏறிக் குதித்து, இதைச் செஞ்சது எங்க அம்மா என்று பட்டறை முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அண்ணன்கூட, அவகிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு எழுதிடு, நேர்ல கேக்க வெக்கமா இருக்கு என்றார். எழுதிவிட்டேன்.

இனி அந்த இடம். நீ விமானம் ஏறும்வரை நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வீட்டுக்கு வந்திருப்பாய். சத்தியமாக அப்படித்தான் இருக்க நினைத்தேன். உன் அலமாரியைக்கூட ஒழித்து வைத்தாயிற்று. அம்மா வந்ததும் அவ பக்கத்துல நான்தான் படுப்பேன் என்று வாலு இப்போதே என்னைக் கட்டிலை விட்டு விரட்டுகிறாள். நீ இல்லாமல் எனக்கும் முடியவில்லை. ஆனால் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு நீ இந்த வாசலில் வந்து நிற்பதும், எல்லாம் தெரிந்த நான் சிரித்துக்கொண்டே உன் பயணப் பெட்டியை வாங்கி உள்ளே வைப்பதும் என்னால் ஆகாது.

கிழிந்த துண்டுகளை இதோடு கூரியரில் அனுப்புகிறேன். பேராசிரியரின் மேஜையில் வை. வேளாவேளைக்குச் சாப்பிடு. நினைத்ததை முடி. வாலுவிடம் எப்படிச் சொல்வது என்பது என் பாடு.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. இதைப் படித்த கையோடு செய், நான் மனசு மாறி உன்னை வரச்சொல்லிக் கூப்பிடுவதற்குள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்