வடிகட்டியில் படிந்த வெள்ளித் தூசி

7 ஜூலை, திங்.
காற்று, புழுதி. மழைக்கு அறிகுறியே இல்லை. காலேஜ் லேபில், நான் செய்த ரேடியோ அலை வடிகட்டியை அளந்தேன். விரல் நீளப் பலகை, செம்புக் கோடுகள், நடுவே முடி அகல இடைவெளிகள். நம் பெட்டியின் அலையை மட்டும் உள்ளே விட்டது, செல்போன் டவர் அலையை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அப்பாடா.

மதினி வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குத்தான் இது. மருந்து அறைச் சுவரில் சூடு பார்க்கும் பெட்டி. சூடு ஏறினால் ஒயர் இல்லாமல் ஆபீசுக்குச் செய்தி போய் சைரன் அடிக்கும். பக்கத்து டவர் குறுக்கிட்டுச் செய்தி அறுந்தாலும் அடிக்கும். தினமும் வீண் அலறல். போர்மேன் சொல்லிவிட்டார்: "இன்னும் சும்மா கத்துச்சுன்னா சைரன் ஒயரப் புடுங்கிருவேன் டீச்சர்."

மதினி அதற்கு அடுத்த அறையில்தான் உட்கார்ந்து வெடிக்குழாய்களில் மருந்து செலுத்துகிறாள்.

வாங்க: ஸ்பிரிட், ஈயம், அண்ணனுக்கு மாத்திரை.

8 ஜூலை, செவ்.
கம்பெனியில் மாட்டினேன். டீ வருவதற்குள் சைரன். மானம் போச்சு. போர்மேன் ஒயரில் கை வைத்துவிட்டார். வெள்ளி வரை தவணை கெஞ்சி வாங்கினேன். கணக்கையெல்லாம் திரும்பப் போட்டேன். தப்பே இல்லை. எரிச்சல்.

9 ஜூலை, புதன்
லேபில் மறுபடி அளந்தால் வடிகட்டி உள்ளே விடும் அலைவரிசை கீழே இறங்கியிருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இடைவெளிகளில் மினுமினுவென்று அலுமினியப் பவுடர், அதுதான் கீழே இழுத்திருக்கிறது. திங்களன்று பலகையை வீட்டு அலமாரியில் வைத்தது நான். மதினி வேலைச் சேலையைப் போடும் தட்டு அது. என் புத்தியை என்ன சொல்ல!

மதினியிடம் சொன்னேன். சிரித்தாள். "எம்புட்டுத் தேச்சுக் குளிச்சாலும் போகாது சுதா. தலகாணியெல்லாம் மினுங்குமே, பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். வெடிக்குப் போடும் பவுடராயிற்றே என்று இன்றைக்குத்தான் பயம் வந்தது.

10 ஜூலை, வியா.
பலகையை ஸ்பிரிட்டில் கழுவி, மூடி போட்ட உலோகப் பெட்டிக்குள் வைத்தேன். மூடியதும் அலைவரிசை மேலே ஏறிக்கொண்டது! கோட்டு நுனிகளில் துளித்துளியாய் ஈயம் வைத்து இறக்கினேன். அரை நாள் போச்சு. சாயங்காலம் மாட்டியாச்சு. சத்தமில்லை.

15 ஜூலை, செவ்.
ஒரு தடவைகூட அடிக்கவில்லை. "பரவால்லயே டீச்சர்" என்றார் போர்மேன். சந்தோஷம். தோசைக்கு மாவு அரைத்தேன், உப்பு ஜாஸ்தி.

17 ஜூலை, வியா.
நல்ல வெயில். மதினி மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். சைரன் அடித்ததாம். மருந்து அறையில் கலவை சூடேறியிருக்கிறது.

"ஒருத்தரும் எந்திரிக்கல. அது எப்பவும் கத்துறதுதானன்னு கைவேலையப் பாத்துட்டு இருந்தாக. நாந்தான் அம்புட்டுப் பேரையும் வெரட்டுனேன். வேப்பமரத்துக்கிட்ட வந்து நிக்கயில படார்னுச்சு. ரூம் ரெண்டும் தரைமட்டம். ஆளுக்கு ஒண்ணும் இல்ல."

"நீங்க மட்டும் எப்படி மதினி எந்திரிச்சீக?"

"நீ செஞ்சதுல்ல. பொய்யாக் கத்தாதுன்னு நெனச்சேன்."

சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். நான் இந்த நோட்டில் எட்டாம் தேதியைத் திருப்பிப் பார்த்தேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை பொய்யாகக் கத்தியதும் நான் செய்ததுதான்.