ஈந்து மரம் வெட்டிய சேதி

நெடுங்காடு,
14-9-1981.

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெயமேரி எழுதுவது. சேசு புண்ணியத்தில் நானும் சலோமியும் சுகம். மாஹேயில் இன்னும் மழை விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நனைந்த சட்டையோடு ஆபீசில் உட்கார்ந்து இருமலை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டாம். இங்கே வாய்க்காலில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது. சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறார்கள். சலோமி பரீட்சையில் கணக்கில் மட்டும் குறைச்சல்.

நீங்கள் மலையாளத்திலிருந்து கொண்டுவந்து நட்ட, பார்வைக்கு ஈச்சை மாதிரி இருக்கும் அந்த ஈந்து மரம் எப்படி இருக்கிறது என்று இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டீர்கள். நான் பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாமல் படியுங்கள்.

நட்ட இரண்டில் வேலியோரத்துப் பெண் மரம் பதினைந்து வருஷம் கழித்து இந்த வருஷம்தானே காய்த்தது. ஆடிக் கடைசியில் காய் மஞ்சளாகப் பழுத்து உதிர ஆரம்பித்தது. "பச்சையாகத் தின்றால் விஷம். இங்கே நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறப்போட்டுத்தான் மாவாக்குகிறார்கள். ஊரில் யாரிடமும் சொல்லாதே, மரத்தை வெட்டச் சொல்வார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். நானும் சொல்லவில்லை. தினமும் பொறுக்கிக் குழியில் போட்டு மூடினேன்.

ஆவணி பிறந்ததும் எனக்குக் காய்ச்சல். நாலு நாள் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. அந்த நாலு நாளில்தான் அடுத்த வீட்டுக் கமர் நிஷாவின் ஆடுகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து செத்தன. ஒன்று சினை. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்து, ஏதோ விஷம் என்றார்.

பின்பக்கத்து வயல்காரர் பஞ்சநாதனை உங்களுக்குத் தெரியும். நாற்றங்காலை ஆடு மேய்ந்த கோபத்தில், "இன்னொரு தடவ வந்துச்சுன்னா மருந்து வச்சிடுவேன்" என்று அவர் நாலு பேர் முன்னால் கத்தியிருக்கிறார். அதுவே போதுமானதாகிவிட்டது. கமர் நிஷாவின் தம்பி முகைதீன் பிச்சை ஆட்களோடு வந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். அக்கா புருஷன் சவுதியில் இருக்கிறார், கேட்க நாதியில்லை என்று நினைத்தாயா என்று சத்தம். பிறகு போலீஸ் வந்து பஞ்சநாதனை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனது. தெருவே நின்று பார்த்தது.

அன்று சாயங்காலம் எழுந்து வேலியோரம் போனேன். கமர் நிஷா வீட்டுப் பக்கம் உதிர்ந்த காயெல்லாம் கடிபட்டுக் கிடந்தன. ஆட்டின் பல் பட்ட தடம்.

அத்தான், அப்போதும் நான் உடனே சொல்லவில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பஞ்சநாதன் பெண்சாதி கமலாம்பாள் மாதா கோயில் வாசலில் வந்து நின்றாள். நம் கோயிலுக்கு வருகிறவள் இல்லை. சாமியாரிடம், "ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி" என்று கெஞ்சினாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

நேரே கமர் நிஷா வீட்டுக்குப் போய்க் கடித்த காயை அவள் முன்னால் வைத்துச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். காயை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளா எங்க இருந்தீங்கக்கா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு முக்காட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தாள். அவள் சொன்ன பிறகுதான் அவரை விட்டார்கள்.

நம் கிடேரிக் கன்றை அவள் வாசலில் கொண்டுபோய்க் கட்டினேன். அவிழ்த்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். மரத்தை வெட்டச் சொல்லி அவளும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. அவள் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் அந்த வேலி நிழலில்தான் விளையாடுகின்றன. அதனால் நானாகவே ஆள் வைத்து வெட்டினேன். அரை நாளில் முடிந்தது. அடிமரம் உள்ளே கிழங்கு மாதிரி வெள்ளையாக இருந்தது. சலோமிதான் அழுதாள். ஆண் மரம் காய்க்காது என்பதால் விட்டிருக்கிறேன்.

நீங்கள் அந்த மரத்தை எப்படி வளர்த்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். லீவில் வந்தால் என்னிடம் பேசுவதற்கு முன்னால் மரத்தின் தோகையை எண்ணுவீர்கள். கோபம் வந்தால் எழுதித் தீர்த்துக்கொள்ளுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் மறைக்கச் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. விஷமென்று எனக்குத் தெரியும், நான்தான் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றே ஸ்டேஷனிலும் சொன்னேன். பஞ்சநாதன் இப்போது நம் வாசல் வழியாகப் போவதில்லை, வாய்க்கால் கரையைச் சுற்றிப் போகிறார்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே நம் வீட்டுக்கு வந்துவிட வேண்டாம். முதலில் பஞ்சநாதன் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாருங்கள். எவ்வளவு நேரமானாலும் நானும் சலோமியும் சாப்பிடாமல் காத்திருப்போம்.

மாதா உங்களைக் கைவிடாமல் காக்கட்டும்.

உங்கள்,
ஜெயமேரி.