எங்கட வட்டை

கொழும்பு,
1944 ஆனி 12

அன்பும் மரியாதையும் உள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கட இருமலும் அம்மாட கால்வீக்கமும் குறைஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறன்.

படிப்புக்கான உதவிப்பணம் எனக்கு இல்லையெண்டுட்டாங்க. வருமானம் விசாரிக்க வந்த விதானையாரிட்ட, நீங்க கூலிக்கு வேலை செய்யிற போடியார்ர வயலை வழமைபோல "எங்கட வட்டை" எண்டிருக்கிறீங்க. அவர் அப்படியே எழுதி அனுப்பிட்டார். அடுத்தவன்ர வயலுக்கு வரம்பு கட்டுற நீங்க வருமான வரம்பைத் தாண்டிட்டீங்களாம். உதவிப்பணம் குடுக்கிற கந்தோரில எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சன்.

"தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அந்த வரம்பு இல்லை, தம்பி" எண்டார் கிளாக்கர். வேற படிவம் வாங்கி எழுதிக் குடுத்தன். செத்த திகதி கேட்டிருந்தது. நீங்க என்னைக் கோச்சியில ஏத்திவிட்டு, ஸ்டேசனில கையைக் காட்டிக்கொண்டு நிண்ட நாளைப் போட்டன்.

பணம் கிடைச்சிட்டுது. கவலைப்படாதீங்க.

இங்கத்தச் சோறு வாயில வைக்கேலாது. கொஞ்சம் கருவாடு அனுப்புங்க. பொதியில உங்கட பேர் வேணாம், அம்மாட பேரைப் போடுங்க. என்னைப் பார்க்க வந்தால் மாமா எண்டு சொல்லுங்க. வாய் தவறி "எங்கட மகன்" எண்டு சொல்லிப்போடாதீங்க.

தபாலுக்கு நேரமாச்சு.

அழகரத்தினம்