லட்சுமம்மாவின் வண்டி அங்கே இல்லை

ஹெப்பகோடி
12 ஜனவரி 2026

அன்புள்ள தாரணிக்கு,

பதிப்பகத்துக்கு நீ போட்ட கடிதம் என் கைக்கு வந்துவிட்டது. ஏழு பக்கம். என் நாவலே நூற்றுப் பத்துப் பக்கம்தான். அதை நாலு தடவை படித்தேன் என்கிறாய். எழுதிய நானே அத்தனை தடவை படித்ததில்லை.

கோமதி வீட்டை விட்டுக் கிளம்பிப் பெங்களூர் வருகிறாளே, அந்த வழி நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜம். வேப்பனப்பள்ளி, கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திபெலே, ஹெப்பகோடி. ஒவ்வொரு பஸ்ஸும் நான் ஏறி வந்தது. கோமதிக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடும் லட்சுமம்மாவும் நிஜம். இன்றைக்கும் பஸ் நிறுத்தத்தில் இட்லி விற்கிறார். இல்லாததை நான் எழுதுவதில்லை.

நன்றாகப் படி. கோமதி மாதிரி தைரியமாக இரு.

அன்புடன்
ஜூடித் அக்கா


ஹெப்பகோடி
22 ஏப்ரல் 2026, புதன்

தாரணி,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதை நீ எங்கே நின்று படிக்கிறாய் என்றும் தெரியாது. என் கையெழுத்து உனக்குத் தெரியும், அதனால்தான் கையால் எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் இருநூறு பிரதி எடுத்து, கோமதி இறங்கிய இடத்தில் எல்லாம் கொடுத்து வைக்கப் போகிறேன். ஓசூர் பஸ் நிலையம், அத்திபெலே டீக்கடைகள், இங்கே வழியில் இருக்கிற ஒவ்வொரு பெட்டிக்கடை. எங்கேயாவது ஒன்று உன் கையில் கிடைக்க வேண்டும்.

நேற்று மதியம் உன் அம்மா எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். திங்கட்கிழமை காலையில் நீ கிளம்பிவிட்டாய் என்றார். உன் நோட்டுக்குள் இருந்த என் பழைய கடிதத்தை நீட்டினார். கவரில் எங்கள் கடை முத்திரை இருந்ததால் விசாரித்து வந்துவிட்டாராம். உன் அப்பா கிருஷ்ணகிரி போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எழுதினது இந்தச் சின்னப் பொண்ணா என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலாளி சந்தானம் அண்ணன்தான் திட்டினார். "ஊருல இருக்கிற புள்ளைய எல்லாம் ஓட வெச்சிட்டு, இப்போ நோட்டீஸ் அடிக்கிறியா?" என்றார். அப்புறம் அவரே மெஷினில் பேப்பர் போட்டார்.

இப்போது கவனமாகப் படி. லட்சுமம்மாவின் வண்டி புத்தகத்தில் சொன்ன இடத்தில் இல்லை. பஸ் நிறுத்தத்தைப் போன வருடமே மெட்ரோ படிக்கட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள், வண்டியும் கூடவே போய்விட்டது. உனக்கு எழுதும்போது போய்ப் பார்க்காமலேயே எழுதிவிட்டேன். நீ பழைய இடத்துக்கு வந்து, தேடிப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் போயிருப்பாயோ என்று நேற்று ராத்திரி இரண்டு தடவை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இன்னொன்று. லட்சுமம்மா எனக்குச் சோறு போடவில்லை. பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் தூக்கிப் போட்டுவிட்டு நான் இங்கே வந்து இறங்கியபோது எனக்குப் பதினேழு வயது. வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கிராக்கி வர்ற நேரம், தள்ளிப் போ என்று விரட்டிவிட்டார். அந்த நல்ல லட்சுமம்மா, அவர் வீட்டுப் பின்னறை, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது எல்லாம் நான் கட்டிய கதை.

நேற்று உன் அம்மாவை அவரிடம் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னைய சாமி பண்ணிட்டியா? நான் யாருக்கும்மா சும்மா சோறு போட்டேன்?" என்று சிரித்தார். பிறகு உன் போட்டோவைக் கேட்டு வாங்கி வண்டி முன்னால் ஒட்டினார். "அந்த ஹுடுகி, இந்தப் போட்டோல இருக்கிற பொண்ணு, வந்தா நான் பிடிச்சு உக்கார வெக்கிறேன். நீங்க போய் மத்த இடம் பாருங்க."

நான் இங்கே வந்து இறங்கிய அன்றைக்கு என்னிடம் இனிப்பாகப் பேசியது ஒரே ஒரு ஆள். தங்க இடம் இருக்கு, வேலை இருக்கு என்றான். நம்பி ஆட்டோவில் ஏறினேன். போகிற வழி சரியில்லை என்று தெரிந்ததும் சிக்னலில் குதித்தேன். முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. குழந்தைகள் படிக்கிற புத்தகத்தில் இது எதற்கு என்று விட்டுவிட்டேன். எழுதியிருக்க வேண்டியது அது ஒன்றுதான். யார் கூப்பிட்டாலும் போகாதே. ஒரு கண்டக்டரிடமோ கடைக்காரப் பெண்ணிடமோ போனைக் கேட்டு, குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடி.

உன் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருகிறது. நாவலை முதலிலிருந்து என்னையே படித்துக் காட்டச் சொன்னார். அடுத்து நீ எங்கே போவாய் என்று அதில் இருக்கும் அல்லவா என்றார். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு ஊர்ப் பெயர் வரும்போதும் நிறுத்தச் சொல்லி, அங்கே தண்ணீர் கிடைக்குமா, பெண்கள் நிற்க இடம் இருக்குமா என்று கேட்டார். எனக்குப் பாதி தெரியவில்லை.

முடித்ததும் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அந்தப் பொண்ணத் தேடி யாருமே வரலையா?"

தேடுவதை எல்லாம் எழுதினால் கதை இழுக்கும் என்றேன். கோமதியின் அம்மாவுக்குப் பெயர்கூட இல்லையே என்றார்.

உன்னை ஒன்பதாவது படிக்க அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தது உன் அப்பா இல்லையாம், உன் அம்மாதானாம். அந்தப் பள்ளிக்கூடம் ஏழு கிலோமீட்டர், சாயங்காலம் பஸ் கிடையாது, வழியில் ஆளே இருக்காது என்ற பயமாம். உன்னிடம் அப்பா பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டாராம். ஜூனிலிருந்து தினமும் தானே கூட நடந்து வந்து விட்டுவிட்டு, மறுபடி வந்து கூட்டிப் போவதாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். முகத்தைப் பார்த்தேன், செய்வார் என்றுதான் தோன்றுகிறது.

இனி சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் வந்த நாலாம் நாள் என் அம்மா தேடி வந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடை கடையாக ஏறி என் போட்டோவைக் காட்டினாள். நான் இந்தப் பக்கம் நின்ற ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் ஓசூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். நான் அங்கேதான் இருந்தேன் என்று இன்றைக்கு வரை அவளுக்குத் தெரியாது. கோமதியைத் தேடி யாரும் வராததற்குக் காரணம் அதுதான், கதை இழுக்கும் என்பது இல்லை.

உன் அம்மா மெட்ரோ படிக்கட்டுக்குக் கீழே, வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பச்சைச் சேலை. நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. நான் ஓசூருக்கும் அத்திபெலேவுக்கும் போய் இதைக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து அவரோடு உட்காருவேன். நீ வரும் வரை உட்காருவோம்.

நீயும் எதிர்ப்பக்கம் எங்கேயோ நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வர வெட்கமாக இருக்கலாம், கோபம் தீராமல் இருக்கலாம். இருக்கட்டும் கண்ணு. கையை மட்டும் தூக்கு. ரோட்டைக் கடக்காதே, லாரிக்காரர்கள் நிறுத்த மாட்டார்கள். நீ நிற்கிற இடத்திலேயே நில். நாங்கள் கடந்து வருகிறோம்.

ஜூடித்