கிணற்றுச் சுவரில் ஐந்து கோடுகள்

மார்ச் 4

விடுதியில் சேர்ந்து ஒரு வாரம். ஐந்தே அறை, கூட்டித் துடைப்பது நான். எங்கள் தெருக்கோடியில்தான் இருக்கிறது. தெருக் கிணறுதான் அதற்கும் கிணறு. முதலாளியம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். தெருவே நர்சம்மா என்றுதான் கூப்பிடும். வாய் கத்தரிக்கோல்.

முன்பு வேலை பார்த்த கடற்கரை ஓட்டலில், குளியலறைதோறும் ஓர் அட்டை தொங்கும்: ‘பூமியைக் காப்போம், துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்.’ ஜன்னலுக்கு வெளியே நீச்சல் குளம். வேலைக்காரர்கள் தங்கும் கொட்டகையில் ஒரே குழாய், அதிலும் பாதி நாள் காற்றுதான் வரும். அட்டையின் பின்பக்கத்தில் இதை எழுதி வைத்தேன். அன்றோடு சீட்டுக் கிழிந்தது.

இங்கே அட்டை கிடையாது. கிணற்றின் உட்சுவரில், ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து சிவப்புக் கோடுகள். தண்ணீர் இறங்கி ஒரு கோடு வெளியே தெரிந்தால் ஓர் அறையைப் பூட்ட வேண்டும். ஐந்தும் தெரிந்தால் விடுதியே மூடல். வருகிறவன் குளிப்பதற்காகத் தெரு வறளக் கூடாதாம்.

ஒரு டப்பா பெயின்ட்டில் நல்ல பேர். மலிவுதான்.

மார்ச் 19

முதல் கோடு தெரிந்தது. நிஜமாகவே பூட்டிவிட்டார்.

ஏப்ரல் 2

இரண்டாவதும். சமையல் அண்ணன் இன்று பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “இன்னொண்ணு தெரிஞ்சா நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ரெண்டு ரூமுக்கு சமையல்காரன் எதுக்கு? முட்டையை அவங்களே அவிச்சுக்குவாங்க.”

சிரித்தேன். ஆனால் கடைசியாக வந்தவள் நான். அறையைப் பூட்டும்போது என்னையும் வெளியே வைத்துப் பூட்ட எவ்வளவு நேரமாகும்? வீட்டில் அடுப்பு எரிவதே என் சம்பளத்தில்.

ஏப்ரல் 9

ஒரு பெரிய குழு, ஐந்து அறையும் வேண்டும் என்று கேட்டது. டேங்கர் வாங்கலாமே என்று நான்தான் சொன்னேன்.

“டேங்கர் தண்ணி வானத்துலேர்ந்தா வருது? அதுவும் எவளோ ஒருத்தி தெருக் கிணறுதான்.”

நர்சம்மா குழுவைத் திருப்பி அனுப்பிவிட்டார். கோபம் வந்தது. இதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? வயிற்றுப் பயம் வந்தால் என் நியாயமெல்லாம் எங்கே போய் ஒளிகிறது?

ஏப்ரல் 24

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மூன்றாவது கோடு மட்டும் தெரியவே இல்லை. என்ன அதிசயம்?

ஏப்ரல் 26

அதிசயமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அம்மாவின் காலெல்லாம் சேறு. எங்கே போனாய் என்றால் மழுப்பினாள். விடவில்லை.

தெருப் பெண்கள் எல்லாரும் துணி துவைக்க ஓடைவரை நடக்கிறார்கள். அங்கே மிஞ்சியிருக்கும் கலங்கல் குட்டைக்கு. கிணற்றில் குடிக்க மட்டும் இறைக்கிறார்கள். கோடு வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறார்கள்!

“உன் வேலையும் அந்த சமையல்காரத் தம்பி வேலையும் அந்தக் கோட்டுலதானேடி தொங்குது. கொஞ்ச நாள் நடந்தா காலு தேஞ்சா போயிடும்?”

யார்மேல் கோபப்படுவது — சொல்லத் தெரியவில்லை. பாவிகள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏப்ரல் 27

நர்சம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சாவியை எடுத்து, கோடு தெரியாமலே மூன்றாவது அறையைப் பூட்டினார். நேராகக் கிணற்றடிக்குப் போனார்.

“தெரு தாகத்தோட கெடந்து என் ரூமைத் திறந்து வைக்கணுமா? என்னைப் பத்தி என்னதான் நெனச்சீங்க?”

அம்மா குடத்தை இறக்கவில்லை. “உங்களைப் பத்தி யாரு நெனச்சா? எங்க பிள்ளைங்க வயித்தைப் பத்தி நெனச்சோம்.”

நர்சம்மா என்னிடம் திரும்பினார். “ரூமைப் பூட்டினா ஆளை அனுப்பிடுவேன்னு எவ சொன்னா?”

“அனுப்ப மாட்டேன்னு நீங்களும் சொல்லலையே. இப்ப எழுதிக் குடுங்க.”

“ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?”

“உங்கமேல இருக்கு. உங்களுக்கு அப்புறம் வர்றவங்கமேல இல்ல.”

பின்னாலேயே வந்திருந்த சமையல் அண்ணன் தேவையில்லாமல் இருமினார்.

ஏப்ரல் 28

எழுதிவிட்டார். காகிதத்தில் அல்ல. கிணற்றுக் கைப்பிடிச் சுவரில், தெரு முழுக்கப் படிக்கும்படி, அதே சிவப்புப் பெயின்ட்டில்: ‘அறை பூட்டினாலும் ஆள் போவதில்லை.’ மருந்துச் சீட்டு எழுத்து. ஆனால் படிக்க முடிகிறது.

மே 16

ஐந்தும் பூட்டியாகிவிட்டது. சம்பளம் வந்தது. கூட்டம் வரும் மாதங்களில் இதற்கென்றே ஒரு பங்கு ஒதுக்கிவைப்பாராம். முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். சில நல்லவர்களோடு இதுதான் பாடு: செய்வார்கள், சொல்ல மாட்டார்கள், நாம் பயந்து சாக வேண்டும். ஆனாலும் என்ன மனுஷி!

கூரைத் தண்ணீர் கிணற்றுக்குப் போகக் குழாய் பொருத்துகிறோம். ஏணியில் நான், கீழே திட்டிக்கொண்டு நர்சம்மா.

மாலையில் கடற்கரை ஓட்டல் மேற்பார்வையாளர் போன் செய்தார். ஆள் பற்றாக்குறையாம். “வாயை மூடிக்கிட்டு இருக்கிறதா இருந்தா வா.”

“அங்க ரூமை எப்ப சார் பூட்டுவீங்க?”

“எதுக்குப் பூட்டணும்?” என்று சிரித்தார். வைத்துவிட்டேன்.

ஜூன் 11

மழை.

ஜூன் 20

அடியிலிருக்கும் ஐந்தாவது கோடு மூழ்கிவிட்டது. ஓர் அறை திறக்கலாம். நர்சம்மா சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு மதியத் தூக்கத்துக்குப் போய்விட்டார். வாசலில் ஒரு தம்பதி, பெட்டியோடு.

“கொஞ்சம் உக்காருங்க” என்றேன்.

கிணற்றடியில் அம்மா. போர்வை, திரைச்சீலை என்று வீட்டையே துவைக்கக் கொண்டுவந்திருந்தாள். அவள் கடைசித் துணியையும் அலசிப் பிழிந்து உதறும்வரை, சாவி என் கையிலேயே இருந்தது.