பகலில் வரும் தூக்கம்

அக்டோபர் 7, செவ்வாய்

விடாத தூறல். பாப்பாவின் சட்டை ஒன்றுகூடக் காயவில்லை.

எப்போது தூங்கினேன், எப்போது விழித்தேன் என்று எழுதிவரச் சொல்லி வேலூர் டாக்டர் கட்டம் போட்ட தாள் கொடுத்திருக்கிறார். இ.தூ. என்றால் இரவுத் தூக்கம். ப.தூ. என்றால் பகல் தூக்கம். இரண்டு நாள் நிரப்பினேன். இ.தூ. இல்லை, இ.தூ. இல்லை. ப.தூ. எப்போது என்று தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் உட்கார்ந்து எழுத சம்பளத்துக்கு ஒரு ஆள்தான் வைக்க வேண்டும். தாளை மடித்து வைத்துவிட்டு இந்தப் பழைய டைரியை எடுத்தேன். என் வீட்டுக்காரருக்கு என் கோழிக்கிறுக்கல் புரியாது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நிம்மதி.

இன்று: இட்லிக்கு அரைத்தேன். நடுவில் எழுந்து போய்விட்டேனாம், கிரைண்டர் சும்மா ஓடிக்கொண்டிருந்ததாம். பாப்பாவுக்குத் தலை வாரினேன். காலை மாத்திரை போட்டேனா, தெரியவில்லை. அட்டையில் ஒன்று குறைகிறது. போட்டிருக்கிறேன்.

எதிர்வீட்டு கோகிலா வந்தாள். "இன்னா கீதா, நேத்து மத்தியானம் வந்தேன், வாயத் தொறந்துகினு தூங்கிகினு இருக்க. குடுத்து வெச்சவடி நீ."

குடுத்து வெச்சவளாம். சிரித்து வைத்தேன்.

8, புதன்

மழை விட்டது. பூக்காரியிடம் அத்தை என் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனி மாதத்திலிருந்து சொல்கிறார்கள், இன்னும் அலுக்கவில்லை.

"போளூர்லந்து வண்டில வந்துகினு இருக்காங்க. ஸ்பீடு பிரேக்கரு தூக்கிப் போட்டுது. இவ கொயந்தய உடணுமே! ரெண்டு கையாலயும் மாரோட புடிச்சிகினு அப்படியே மல்லாக்க உயுந்துட்டா. அடி பூரா தலைல. கொயந்திக்கு ஒரு கீறலு இல்லம்மா."

எனக்கு ஒன்றும் நினைவில்லை. போளூரில் கொய்யாப்பழம் வாங்கினேன். அடுத்தது ஆஸ்பத்திரி மின்விசிறி. நடுவில் இருந்த அந்தப் பெண் யாரோ. அவளை எனக்குப் பிடித்திருக்கிறது.

மண்டையோட்டு விரிசல் ஒட்டிவிட்டது. முடி வளர்ந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு நான் நன்றாக இருக்கிறேன். தூக்கம் மட்டும் இடம் மாறிப் போய்விட்டது. ராத்திரி கண் கொட்டாமல் கிடக்கிறேன், பகலில் ஆளைச் சாய்த்துவிடுகிறது. "தூக்கத்த நடத்துற எடத்துலயும் அடி பட்டிருக்கும்மா. நாளாகும்" என்றார் டாக்டர். எவ்வளவு நாள் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை.

இதுவரை செய்து பார்த்தது: கசகசாப் பால். ஜாதிக்காய். உள்ளங்காலில் விளக்கெண்ணெய். மசூதி வாசலில் நின்று, ஓதி முகத்தில் ஊதவிட்டது. கையில் கறுப்புக் கயிறு. மாத்திரை, அதன் பிறகு பெரிய மாத்திரை. ஆளுக்கொரு வைத்தியம். யாரையும் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

10, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அவர் ஜரிகை வாங்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். அத்தை ரேஷன் கடைக்கு. நானும் பாப்பாவும்தான். பொரி போட்ட கிண்ணத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தது தெரியும்.

கோகிலா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் இடுப்பில் பாப்பா. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். தறிக்குழியில், அவர் கால் வைத்து மிதிக்கிற இடத்தில் விழுந்து கிடந்திருக்கிறாள். எதிர்வீட்டில் இருந்தவள் அழுகை கேட்டு ஓடி வந்திருக்கிறாள். அதே அறையில் இருந்த எனக்குக் கேட்கவில்லை. ராத்திரியில் பல்லி நகர்ந்தால் கேட்கிற காது.

அவர் வந்தார். ஐஸ் வாங்கி வந்து ஒத்தடம் கொடுத்தார். பாப்பாவைச் சிரிக்க வைத்துப் பார்த்தார், நடக்க வைத்துப் பார்த்தார். டாக்டரிடமும் காட்டினோம். வெளிக்காயம்தான், பயப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து குழிமேல் பலகை போட்டு மூடினார். குழிக்குப் பலகை போட்டாயிற்று, எனக்கு என்ன போடுவார்?

சாயந்திரம் அத்தை போனில். மறுமுனையில் வள்ளி அண்ணி. என் வீட்டுக்காரருக்கு அக்கா. களம்பூரில் இருக்கிறார்கள், அண்ணியின் கணவர் அங்கே அரிசி மில்லில் வேலை செய்கிறார். இரண்டு பையன்கள்.

"நீ இட்டுகினு போயி வெச்சிக்கிறியாடி? இவ தேறி வரட்டும்."

சமையலறையில் நின்று கேட்டேன். அண்ணி கெட்டவர்களாக இருந்தால் சண்டை போடலாம். ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டில் உட்கார்ந்து சீப்பில் வந்த முடியை எண்ணி அழுதவர்கள் அவர்கள்.

11, சனி

அவரிடம் கேட்டேன்.

"பாப்பாவ அனுப்பாதீங்க."

"யாரு அனுப்பறது இப்ப?"

"அத்த போன்ல பேசிகினு இருந்தாங்களே."

"பாக்கலாம்."

இந்த வீட்டில் பாக்கலாம் என்றால் ஆகட்டும் என்று அர்த்தம். கல்யாணமான முதல் மாதமே தெரிந்துகொண்டது.

சரி, தூங்காமல் இருந்து காட்டுகிறேன் என்று சபதம். முகத்தில் தண்ணீர். பச்சை மிளகாயைக் கடித்தேன், கண்ணில் நீர்தான் வந்தது. உட்காரவே கூடாது என்று நின்றுகொண்டே அரிசி களைந்தேன். அத்தை பார்க்கும்போது நான் சுவரில் சாய்ந்திருக்கிறேன், அரிசி தரையில்.

சோம்பல் இல்லை இது. யாரோ பின்னால் வந்து கோணியைத் தலையில் கவிழ்க்கிற மாதிரி இருக்கிறது. எவ்வளவு சொன்னாலும் "மனசு வெச்சா முடியும்மா" என்கிறார்கள். மனசு எங்கே வைக்கவில்லை நான்?

13, திங்கள்

வெயில். தெருவில் நெசவுக்குப் பாவு நூலை நீட்டியிருந்தார்கள், நடக்க வழியில்லை.

ஒரு யோசனை. தறியில் அறுத்துப் போட்ட பட்டுநூல் எப்போதும் ஒரு பை கிடக்கும். பத்துப் பதினைந்து இழை சேர்த்து முறுக்கினேன். ஒரு முனை பாப்பாவின் அரைஞாணில், மறுமுனை என் மணிக்கட்டில். அவள் தூரம் போனால் இழுக்கும், விழித்துக்கொள்வேன்.

விழித்தேன்! இரண்டு தடவை. கதவுவரை போய்விட்டவளை இழுத்து மடியில் போட்டுக் கொஞ்சினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கே என்மேல் ஒரு மரியாதை.

கோகிலாவிடம் பெருமையாகக் காட்டினேன். "ஆட்டுக்குட்டிய கட்டறா மாதிரியாடி கட்டுவ?" என்றாள். கட்டினால் என்ன, ஆட்டுக்குட்டி பத்திரமாகத்தானே இருக்கிறது.

14, செவ்வாய்

நூலை விரலில் சுற்றி விளையாடியிருக்கிறாள். சுற்றச் சுற்ற இறுகியிருக்கிறது. இரண்டு விரல் நாவற்பழ நிறத்துக்குப் போய்விட்டது. தறியை நிறுத்திவிட்டு அவர் ஓடி வந்து கத்தரியால் வெட்டும்போதுதான் எனக்கு விழிப்பு. என் கையை அவள் இழுத்துக்கொண்டே அழுதிருக்கிறாள். நான் கையை மட்டும் கொடுத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்தார். நிறம் திரும்பியது. சாயந்திரம் அதே கையால் முறுக்கு பிடித்துத் தின்றாள்.

அவர் திட்டவில்லை. "பட்டு அறுந்து போவாதுடி. ஒனக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியும். பிறந்ததிலிருந்து தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் தோன்றவில்லை. இப்போதெல்லாம் தெரிவது ஒரு பக்கம், தோன்றுவது ஒரு பக்கம்.

சாப்பிட்ட பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு அக்கா வராங்க" என்றார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல வாய் இருக்கிறது எனக்கு?

15, புதன்

பையில் வைத்தது: சட்டைகள். சிவப்பு ஸ்வெட்டர். காய்ச்சல் மருந்து. பிடி வளைந்த கரண்டி, அதில் ஊட்டினால்தான் வாய் திறப்பாள். தீபாவளிப் பாவாடை, இன்னும் விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை.

அண்ணி காலை பஸ்ஸில் வந்து அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினார்கள்.

"அழாத கீதா. தெனம் வீடியோ கால்ல காட்டறேன். எம் பசங்கள பாக்கறா மாதிரி பாத்துக்கறேன், போதுமா? நீ நல்லா தூங்கி எழுந்து ஒடம்பத் தேத்து. ஜல்தியா கொணாந்து உட்டுடறேன்."

பாப்பா அழவில்லை. பஸ் என்றால் அவளுக்கு உயிர். ஜன்னல் வழியாக எல்லோருக்கும் கை ஆட்டினாள், எனக்கும் சேர்த்து.

பஸ் போன பிறகு ஞாபகம் வந்தது, தூங்கும்போது அவள் காது மடலைத் தடவ வேண்டும் என்று சொல்லவில்லை. போன் போட்டேன். "அதெல்லாம் பாத்துக்கறேம்மா" என்றார்கள்.

வீடு கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. பொரி ஒன்று காலில் மிதிபட்டது.

16, வியாழன்

தூங்கிவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் படுத்தேன். கண் திறந்தால் ஜன்னலில் வெயில். கனவில்லை, புரண்டதில்லை, தண்ணீருக்கு எழுந்ததில்லை. ஆனியிலிருந்து இப்படி ஒரு ராத்திரி கிடையாது. பல் தேய்க்கும்போது உடம்பு லேசாக இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சந்தோஷமாக இருந்தேன். எழுதத்தான் வேண்டும், இருந்தேன்.

உள்ளே அத்தை போனில்: "ராத்திரி பூரா அசையல வள்ளி! கொயந்த சத்தம் இல்ல பாரு, அதான். இத்தினி நாளு தெரியாம போச்சே. அங்கயே இருக்கட்டும்டி, ஒண்ணும் அவசரமில்ல."

அவர் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார். முகத்தில் சிரிப்பு. இந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று. "பாத்தியா கீதா?" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அது காரணமில்லைங்க என்று எப்படிச் சொல்வது? காரணமில்லை என்று எனக்குத்தான் நிச்சயமாகத் தெரியுமா?

17, வெள்ளி

மறுபடியும் தூங்கினேன்.

அவர் டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னார். நல்ல மாற்றம், இப்படியே தொடரட்டும் என்றாராம். இப்படியே.

வீடியோவில் பாப்பா. புதுப் பாவாடையை இப்போதே போட்டுவிட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்தாள், சிரித்தாள், திரும்பி அண்ணியின் தோளில் முகம் வைத்துக்கொண்டாள். அண்ணியின் விரல் அவள் காது மடலில்.

யோசித்துப் பார்த்தேன். நான் தூங்கினால், குழந்தை அங்கே இருப்பதால்தான் குணம் என்பார்கள். தூங்காவிட்டால், இன்னும் குணமாகவில்லை, எப்படிக் கொடுப்பது என்பார்கள். எந்தப் பக்கம் புரண்டாலும் பாப்பா களம்பூரில்.

இன்று ராத்திரி படுக்கப் போவதில்லை. என்ன பிரயோஜனம் என்று தெரியாது. சும்மா, பாப்பாவை எடுத்துக்கொண்டு தூக்கத்தைக் கொடுத்ததற்கு நன்றி என்று தூங்கிக்கொண்டே இருக்க முடியாது. காபி ஒரு சொம்பு போட்டுக் குடித்துவிட்டேன். விளக்கை அணைக்க விடவில்லை. முதுகைச் சுவரில் சாய்க்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மணி எட்டுகூட ஆகவில்லை. கண் சொருகுகி